தந்துகியில் ரத்தம் ஏன் ஊர்ந்து போகிறது?

பதினொன்றாம் வகுப்பு உயிரியலில் ஆகட்டும், நீட் பயிற்சி வகுப்பில் ஆகட்டும், இந்தக் கேள்வி வராமல் இருக்காது: உடம்பில் ரத்தம் மிக மெதுவாக ஓடுகிற இடம் எது? தந்துகி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் தமனிக்கும் திரும்பக் கொண்டுவரும் சிரைக்கும் நடுவே இருக்கிற மிக மெல்லிய குழாய்) என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். யோசிக்கிற பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். செடிக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிக்கொண்டு தூரமாகப் போய் விழுகிறதே, குழாய் குறுகினால் வேகம் கூடும் என்பது கண்ணால் பார்த்த விஷயம் ஆயிற்றே, அப்படியானால் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத தந்துகியில் ரத்தம் பறக்கத்தானே வேண்டும்?

சந்தேகம் நியாயமானது. இதற்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில், இதயத்தை விட்டுத் தூரமாக வந்துவிட்டதால் அழுத்தம் குறைந்துவிடுகிறது, அதனால் வேகமும் குறைகிறது என்பது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தப்பு. தப்பு என்று காட்ட ஒரே ஒரு விஷயம் போதும்: தந்துகியைத் தாண்டிச் சிரைகளுக்குள் போனதும் அழுத்தம் இன்னும் குறைகிறது, வேகமோ மறுபடியும் கூடுகிறது. பெருஞ்சிரை இதயத்துக்குள் நுழைகிற இடத்தில் அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனால் அங்கே ரத்தம் தந்துகியில் போனதைவிட முந்நூறு மடங்கு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பெரிய கணக்கெல்லாம் இல்லை. ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது, விநாடிக்கு 83 மில்லிலிட்டர். ரத்த ஓட்டம் மூடிய சுற்று என்பதால் பெருந்தமனி வழியாக விநாடிக்கு 83 மில்லிலிட்டர் போனால், உடம்பிலுள்ள எல்லாத் தந்துகிகளையும் சேர்த்து அவற்றின் வழியாகவும் அதே 83 மில்லிலிட்டர்தான் போயாக வேண்டும், பெருஞ்சிரைகள் வழியாகத் திரும்பி வருவதும் அதே 83தான். நடுவில் எங்கேயாவது குறைந்தால் அந்த இடத்துக்கு முன்னால் ரத்தம் தேங்கிக்கொண்டே போகும், அப்படி நடந்தால் நாம் இருக்க மாட்டோம். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு என்று பார்த்து, இந்த 83ஐ அதால் வகுத்தால் சராசரி வேகம் கிடைத்துவிடும். பெருந்தமனி சுமார் 2.5 சதுர சென்டிமீட்டர்: விநாடிக்கு 33 செ.மீ. தந்துகிகள் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிக் குறுக்கே வெட்டினால் சுமார் 2,500 சதுர சென்டிமீட்டர்: விநாடிக்கு 0.3 மில்லிமீட்டர், அவ்வளவுதான். மேல், கீழ்ப் பெருஞ்சிரைகள் சேர்ந்து சுமார் 8 சதுர சென்டிமீட்டர்: விநாடிக்கு 10 செ.மீ. இந்தப் பரப்பளவுகள் பாடநூலுக்குப் பாடநூல் கொஞ்சம் மாறும் (பெருந்தமனியை எந்த இடத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே மாறும்), ஆனால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்கிற அந்தப் பெரிய படம் மாறாது.

சரி, ஹோஸ் பைப் என்ன ஆயிற்று? அது பொய் சொல்லவில்லை. ஒரே குழாய், அதில் ஓர் இடம் மட்டும் குறுகுகிறது, தண்ணீருக்கு வேறு வழி கிடையாது, அதனால் அந்த இடத்தில் வேகம் கூடுகிறது. உடம்பில் நடப்பது வேறு. ஒரு பெருந்தமனி பிரிந்து பிரிந்து கடைசியில் சுமார் ஆயிரம் கோடி தந்துகிகளாகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒன்றுமே இல்லாத குழாய்தான், ஆனால் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இணையாக ஓடுவதால் மொத்த வழி ஆயிரம் மடங்கு அகலமாகிவிடுகிறது. ஒரே ஒரு தந்துகியின் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் இது இன்னும் நன்றாகப் பிடிபடும். 7 மைக்ரோமீட்டர் விட்டம், விநாடிக்கு 0.33 மி.மீ. வேகம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒரு சொட்டு ரத்தம் (0.05 மில்லிலிட்டர்) ஒற்றைத் தந்துகி வழியாக முழுவதும் கடந்துபோக ஏறத்தாழ 45 நாள் பிடிக்கும்.

பரப்பளவையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது மாறாது என்கிற இந்த விதியை ஆறுகளையும் வாய்க்கால்களையும் வைத்து எழுதி வெளியிட்டவர் கலிலியோவின் மாணவர் பெனடெட்டோ காஸ்டெல்லி, இத்தாலியில், 1628இல். அதே 1628இல்தான் வில்லியம் ஹார்வி, ரத்தம் இதயத்திலிருந்து கிளம்பிச் சுற்றி மறுபடி இதயத்துக்கே வருகிறது என்ற தன் வாதத்தை அச்சில் கொண்டுவந்தார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த யாராவது அன்றைக்கே தந்துகியின் வேகத்தை ஊகித்திருக்கலாமே என்று தோன்றும், ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது: ஹார்வி தந்துகியைப் பார்த்ததே இல்லை. தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படியோ போய்ச் சேர்கிறது என்பது வரைக்கும்தான் அவரால் சொல்ல முடிந்தது. 1661இல் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த மெல்லிய குழாய்கள் கண்ணில் பட்டன, அதற்குள் ஹார்வி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

நுண்ணோக்கி இல்லாமலே உங்கள் தந்துகியில் ரத்தம் போகும் வேகத்தை நீங்கள் பார்க்கலாம். மேகமில்லாத நீல வானத்தை (சூரியனைத் தவிர்த்துவிட்டு) ஓர் இடத்தில் கண்ணை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் பொடிப்பொடியான வெளிச்சப் புள்ளிகள் வளைந்து நெளிந்து ஓடி மறைவது தெரியும். ஒரு புள்ளி போன பாதையிலேயே கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று போகும், கவனித்தால் எல்லாம் சேர்ந்து நாடித்துடிப்புக்கு ஏற்ப ஒரு தள்ளு தள்ளிப் போவதும் தெரியும். விழித்திரைத் தந்துகிகளில் போகிற வெள்ளையணுக்கள் அவை. சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன, வெள்ளையணு உறிஞ்சுவதில்லை, அதனால் அது போகிற இடத்தில் ஒரு சிறு வெளிச்ச ஓட்டை நகர்வதுபோலத் தெரிகிறது. கண்ணுக்கு முன்னால் மெதுவாக மிதக்கும் நூல் போன்ற நிழல்கள் வேறு சமாச்சாரம், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தந்துகிக்குள் எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருப்பதாகவும் நினைக்க வேண்டாம். சிவப்பணுவின் விட்டமே ஏறக்குறைய 8 மைக்ரோமீட்டர், பல தந்துகிகள் அதைவிடக் குறுகல், ஆகவே அது உடம்பை வளைத்து மடக்கி ஒற்றை வரிசையில்தான் நுழைந்து போக வேண்டும். நுழைவாயிலில் உள்ள நுண்தமனிகள் சுருங்கி விரிவதைப் பொறுத்து ஒரு தந்துகியில் ஓட்டம் கூடும், குறையும், சில நொடி நின்றேகூடப் போகும். 0.3 மில்லிமீட்டர் என்பது இத்தனையையும் சேர்த்துப் போட்ட சராசரி.

இந்த மெதுவான நடை எதற்கு என்பது அடுத்த கேள்வி. ரத்தம் வேலை செய்கிற ஒரே இடம் தந்துகிதான், மற்ற குழாய்கள் எல்லாம் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கும் அங்கிருந்து கொண்டுவருவதற்கும் இருப்பவை. ஆக்ஸிஜன் தந்துகியிலிருந்து செல்லுக்குப் போவது பரவல் முறையில், அதாவது தானாகக் கலந்து பரவிப் போவது. பரவலுக்கு ஒரு கொடுமையான கணக்கு உண்டு: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். 10 மைக்ரோமீட்டர் தூரத்தை ஆக்ஸிஜன் ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கில் கடந்துவிடும். 1 மில்லிமீட்டர் என்றால் நாலு நிமிடம். 1 சென்டிமீட்டர் என்றால் ஏழு மணி நேரம் போல ஆகும். ஆகவே ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்தில் ஒரு தந்துகி இருந்தாக வேண்டும், அதற்காகத்தான் இத்தனை கோடிக் கிளைகள், அந்தக் கிளைகளால்தான் வேகக் குறைவு. செல்லுக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பதும், அங்கே கொஞ்சம் தங்க வேண்டும் என்பதும் ஒரே அமைப்பில் நிறைவேறிவிடுகிறது. தந்துகியின் நீளம் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், அதைக் கடக்க ரத்தத்துக்கு ஒன்றிலிருந்து மூன்று விநாடி கிடைக்கிறது. பெருந்தமனியின் வேகத்திலேயே ஓடினால் மூன்று மில்லி விநாடியில் ஆள் அந்தப் பக்கம் போயிருப்பார், ஒன்றும் கைமாறியிருக்காது.

நுரையீரலில் இந்தக் கால அளவு இன்னும் இறுக்கம். அங்கே எந்த நேரத்திலும் தந்துகிகளுக்குள் இருக்கிற ரத்தம் சுமார் 70 மில்லிலிட்டர், அதன் வழியாக விநாடிக்கு 83 மில்லிலிட்டர் போக வேண்டும், ஆகவே ஒரு சிவப்பணுவுக்கு அங்கே கிடைப்பது 0.8 விநாடி. ஆக்ஸிஜனை நிரப்பிக்கொள்ள 0.25 விநாடி போதும் என்பதால் பிரச்சினை இல்லை. இப்போது அதே ஆள் முழு மூச்சாக ஓடுகிறார், இதயம் நிமிடத்துக்கு 25 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 மில்லிலிட்டர் என்பது அப்படியே இருந்திருந்தால் கிடைக்கிற நேரம் 0.17 விநாடியாகச் சுருங்கியிருக்கும், நிரப்ப நேரம் போதாது. அப்படி ஆவதில்லை, ஏனென்றால் ஓய்வில் மூடிக் கிடந்த தந்துகிகள் திறந்துகொள்கின்றன, திறந்திருந்தவை இன்னும் விரிகின்றன, 70 மில்லிலிட்டர் ஏறத்தாழ 200 ஆகிறது, நேரம் அரை விநாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஓட்டம் ஐந்து மடங்கு கூடியும் நேரம் பாதிதான் குறைகிறது. இதிலும் ஒரு எல்லை உண்டு. வருடக்கணக்கில் பயிற்சி செய்த சில நெடுந்தூர ஓட்டக்காரர்களின் இதயம் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தள்ளும். பயிற்சியால் இதயம் வளர்கிற அளவுக்கு நுரையீரல் வளர்வதில்லை, அவர்கள் உச்ச வேகத்தில் ஓடும்போது தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு இறங்கிவிடுவது உண்டு. சாதாரண ஆளுக்கு அந்தக் கவலை இல்லை, நம் இதயம் அதற்கு முன்னாலேயே கையை விரித்துவிடும்.

அழுத்தத்துக்குத் திரும்பி வருவோம், அங்கே ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. பெருந்தமனியில் சராசரி அழுத்தம் 100 மி.மீ. பாதரசம் என்றால், தந்துகியின் வாசலுக்கு வரும்போது 30, 35 ஆகிவிடுகிறது. இந்தப் பெரிய இறக்கம் நடப்பது நுண்தமனிகளில். பிரெஞ்சு மருத்துவர் புவாசே 1840களில் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டு அளந்து சொன்னதன்படி, குழாயின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகிறது. நுண்தமனியைவிடத் தந்துகி குறுகல்தானே, அங்கேதானே தடை அதிகம் இருக்க வேண்டும் என்றால், மறுபடியும் அதே எண்ணிக்கைதான் விளையாடுகிறது: தந்துகிகள் கோடிக்கணக்கில் இணையாக இருப்பதால் மொத்தத் தடை குறைந்துபோகிறது, நுண்தமனிகள் எண்ணிக்கையில் அந்த அளவுக்கு இல்லை. தவிர அவற்றின் சுவரில் தசை உண்டு, நரம்பும் ஹார்மோனும் சொல்கிறபடி சுருங்கும், விரியும். பிபி மாத்திரைகளில் ஒரு பெரும் பங்கு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது. ஆக, அழுத்தம் எங்கே எவ்வளவு செலவாகிறது என்பதைத் தடை முடிவு செய்கிறது, ரத்தம் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை மொத்தப் பரப்பளவு முடிவு செய்கிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குவதால்தான் மேலே சொன்ன அந்தத் தப்பான விளக்கம் பிறக்கிறது.

இன்னொரு குழப்பம் நாடித்துடிப்பைப் பற்றியது. மணிக்கட்டில் விரலை வைத்தால் தெரிகிற துடிப்பு, இதயம் இப்போது தள்ளிய ரத்தம் அங்கே வந்து மோதுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த ரத்தம் இன்னும் தோளைக்கூடத் தாண்டியிருக்காது. துடிப்பாக வருவது அழுத்த அலை, அது தமனிச் சுவர் வழியாக விநாடிக்கு 5 முதல் 10 மீட்டர் வேகத்தில் ஓடி, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மணிக்கட்டுக்கு வந்துவிடுகிறது. ரத்தம் வந்து சேரச் சில விநாடிகள் ஆகும். வயதாகித் தமனி இறுகினால் அலையின் வேகம் கூடும், அதனால் இந்த அலை வேகத்தை அளந்து தமனியின் நிலையை மதிப்பிடுகிறார்கள். ரத்தத்தின் வேகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெருந்தமனியில் 33 செ.மீ. என்று சொன்னதும்கூடச் சராசரிதான், இதயம் சுருங்கும் கணத்தில் அது விநாடிக்கு ஒரு மீட்டரைத் தொடும், அடுத்த கணம் கிட்டத்தட்ட நின்றுபோகும். நுண்தமனிகளைத் தாண்டிய பிறகுதான் இந்த ஏற்ற இறக்கம் பெருமளவு அடங்கி ஏறக்குறைய சீரான ஓட்டமாகிறது.

முழுச் சுற்றையும் சுற்றி வர எவ்வளவு நேரம்? உடம்பில் 5 லிட்டர் ரத்தம், நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டம், ஆகவே சராசரி ஒரு நிமிடம். ஆனால் இதயத் தசைக்கே போய்த் திரும்புகிற ரத்தம் சில விநாடிகளில் வந்துவிடும், கால் கட்டைவிரல் வரை போனதற்கு அதைவிடப் பல மடங்கு ஆகும். இதை முதலில் அளந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் எட்வர்ட் ஹெரிங். 1820களின் கடைசியில் ஒரு குதிரையின் கழுத்துச் சிரை ஒன்றில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடைச் செலுத்திவிட்டு, மறுபக்கக் கழுத்துச் சிரையிலிருந்து சில விநாடிக்கு ஒரு முறை ரத்தம் எடுத்துக்கொண்டே வந்து, எந்த மாதிரியில் முதலில் நீலம் தட்டுகிறது என்று பார்த்தார். அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டிருந்தது. பின்னாளில் மருத்துவமனைகளில் இதைவிட எளிய ஒரு வழி இருந்தது: கைச் சிரையில் கசப்பான ஒரு மருந்தை வேகமாகச் செலுத்தி, "நாக்கில் கசப்பு தெரிந்ததும் சொல்லுங்கள்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். 9 முதல் 16 விநாடிக்குள் சொன்னால் சரி. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த நேரம் நீண்டுகொண்டே போகும். ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கிற எக்கோ ஸ்கேன் வந்த பிறகு இதை யாரும் செய்வதில்லை. ஆனால் சிடி ஸ்கேனுக்கு கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அந்த அனுபவம் தெரியும், கையில் மருந்து ஏறியதும் முதலில் தொண்டையில் ஒரு சூடு, அப்புறம் அது இறங்கி அடிவயிற்றுக்கு வருகிறது, சிறுநீர் போய்விட்டதோ என்று பதறிப் போவார்கள். சிரை வழியாக இதயம், நுரையீரல், மறுபடி இதயம், அங்கிருந்து உடம்பு முழுக்க என்று ரத்தம் போகிற வரிசையைத்தான் அப்போது உடம்பு உணர்கிறது.

சிரைகளில் வேகம் மீள்கிறது என்று சொன்னேன், அது படுத்திருக்கும்போதும் நடக்கும்போதும்தான் முழு உண்மை. உடம்பின் ரத்தத்தில் அறுபது சதவீதத்துக்கு மேல் எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. அசையாமல் நிற்பவரின் பாதச் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் வரை ஏறும், மேலே இருக்கிற ரத்தத்தின் எடை முழுவதும் அங்கே உட்கார்ந்திருப்பதால். இரண்டு எட்டு நடந்தால் கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும், உள்ளே இருக்கிற வால்வுகள் அதைத் திரும்பி வரவிடாது, அழுத்தம் 25க்குக் கீழே இறங்கிவிடும். நடக்காமல் நின்றுகொண்டே இருந்தால் சிரை விரிந்து, வால்வு பொருந்தாமல் போய், வெரிகோஸ் வெயின் என்று கால் முழுக்கச் சுருண்டு புடைக்கிறது. நாள் முழுக்க நிற்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இது அதிகம் வருவதை மருத்துவர்கள் எத்தனையோ காலமாகச் சொல்லி வருகிறார்கள், அப்படியும் துணிக்கடையில் விற்பனைப் பெண்கள் உட்கார உரிமை உண்டு என்று சட்டத்தில் எழுத 2021 வரை ஆயிற்று நமக்கு (கேரளா 2018இலேயே செய்துவிட்டது). மறுபக்கம், உட்கார்ந்தே இருந்தாலும் தசை வேலை செய்யாது: நீண்ட விமானப் பயணத்திலும் அறுவை சிகிச்சைக்குப் பின் படுக்கையிலும் ஆழ்சிரையில் ரத்தம் உறைவது ஓட்டம் மந்தமாவதால்தான் தொடங்குகிறது, ஓட்டத் தேக்கம் உறைவுக்கு ஒரு காரணம் என்ற இந்தக் கருத்து ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தந்துகியிலோ இதைவிட மெதுவாகப் போகிறது, அங்கே ஏன் உறைவதில்லை என்றால், அங்கே ஒவ்வொரு சொட்டும் ஓரிரு விநாடியில் வெளியேறிவிடுகிறது. கால் சிரையின் வால்வுக்குப் பின்னால் இருக்கிற பையில் அப்படி இல்லை, சுற்றிச் சுற்றி அங்கேயே கிடக்கும்.

இனி ஹோஸ் பைப்பின் முறை. ஒரே குழாயில் ஓர் இடம் குறுகினால் வேகம் கூடும் என்றோமே, அது உடம்பில் நோயாக வரும்போது அப்படியே நடக்கிறது, மருத்துவர்களும் அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ரத்தத்தின் வேகத்தை ஒலி அலையால் அளக்கிற டாப்ளர் ஸ்கேனில் கழுத்துத் தமனியின் உச்ச வேகம் விநாடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பெரிய அடைப்பு இல்லை, 230ஐத் தாண்டினால் எழுபது சதவீதமோ அதற்கு மேலோ அடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு பொறி உண்டு. அடைப்பு ஏறக்குறைய முழுமையாகிவிட்டால் வேகம் மறுபடியும் இறங்கிவிடும், ஏனென்றால் அப்போது அந்தக் குழாய் வழியாகப் போகிற மொத்த ரத்தமே வற்றிவிடுகிறது, மூளைக்கு வேறு தமனிகள் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். எண்ணை மட்டும் பார்ப்பவர் நார்மல் என்று எழுதிவிடும் ஆபத்து அங்கே இருக்கிறது, படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ரேடியாலஜி மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதய வால்வில் காஸ்டெல்லியின் விதி அப்பட்டமாகவே பயன்படுகிறது. பெருந்தமனி வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன ஒருவருக்கு எக்கோ செய்கிறார்கள். வால்வுக்குச் சற்று முன்னால் வழியின் விட்டம் 2 செ.மீ., பரப்பு 3.14 சதுர செ.மீ., அங்கே ரத்தத்தின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். வால்வைத் தாண்டும் இடத்தில் 4 மீட்டர். அப்படியானால் வால்வின் திறப்பு 3.14ஐ நான்கால் வகுத்தது, 0.8 சதுர செ.மீ.கூட இல்லை. 1க்குக் கீழே போனாலே கடுமையான சுருக்கம். வேகத்தை வர்க்கமாக்கி நாலால் பெருக்கினால் அழுத்த வித்தியாசமும் கிடைக்கும்: 64 மி.மீ. பாதரசம். நெஞ்சில் ஒரு ஊசிகூடக் குத்தாமல், ஒலி அலையில் வந்த வேகத்தை மட்டும் வைத்து, ஆளுக்கு வால்வு மாற்ற வேண்டுமா என்கிற முடிவின் பெரும்பகுதி எடுக்கப்படுகிறது. நிஜ எக்கோவில் ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் கூட்டிச் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், ஆனால் அடிப்படை இதுதான்.

வேகம் கூடியிருந்தால் குழாய் குறுகியிருக்கிறது என்று மட்டும் அர்த்தம் இல்லை, ரத்தமே மெலிந்திருக்கலாம். ரத்தசோகையில் சிவப்பணு குறைந்து ரத்தம் இளகுகிறது, இதயமும் ஈடுகட்ட அதிகம் தள்ளுகிறது, எல்லா இடத்திலும் வேகம் ஏறுகிறது. தாய்க்கும் குழந்தைக்கும் ஆர்ஹெச் ரத்த வகை ஒத்துப்போகாதபோது வயிற்றிலிருக்கிற சிசுவுக்கு ரத்தசோகை வருகிறதா என்று பார்க்க முன்பெல்லாம் கருப்பையில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டியிருந்தது. 2000க்குப் பிறகு, சிசுவின் மூளைத் தமனியில் உச்ச வேகத்தை டாப்ளரில் அளந்தால் போதும் என்றாகிவிட்டது. கர்ப்பத்தின் அந்த வாரத்துக்கு உரிய நடுமதிப்பில் ஒன்றரை மடங்கைத் தாண்டினால்தான் அடுத்த கட்டம். சிவப்பணு அரிவாள்போல வளைந்துவிடுகிற அரிவாள் செல் நோய் உள்ள குழந்தைகளுக்கும் இதே மூளைத் தமனிதான்: சராசரி வேகம் விநாடிக்கு 200 செ.மீ.ஐத் தொட்டால் பக்கவாத ஆபத்து அதிகம் என்றும், அவர்களுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் அந்த ஆபத்து பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது என்றும் 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இந்தியாவில் அரிவாள் செல் முதலில் அறியப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே, 1952இல். ஒரு டாப்ளர் கருவியும் அதைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் கூடலூர்ப் பக்கத்துக் குழந்தைகளுக்குக் கிடைப்பது ஆராய்ச்சியைவிடப் பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

தந்துகிகளையே தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உயிருள்ள உதாரணம் இருக்கிறது, எந்த டயாலிசிஸ் மையத்திலும் பார்க்கலாம். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் போல ரத்தம் வேண்டும், சாதாரண கைச் சிரையால் அதைத் தர முடியாது, தமனியில் திரும்பத் திரும்பக் குத்தவும் முடியாது. 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் பிரெஷியாவும் சிமினோவும் சக மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட வழி, மணிக்கட்டுத் தமனியைப் பக்கத்துச் சிரையோடு நேராக இணைத்துவிடுவது (ஃபிஸ்துலா என்பார்கள்). நுண்தமனியின் தடையும் இல்லை, தந்துகியின் பரந்த வெளியும் இல்லை, தமனி ரத்தம் அப்படியே சிரைக்குள் பாய்கிறது. சில வாரங்களில் சிரை விரிந்து சுவர் தடித்து 6 மி.மீ. விட்டமும் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் ஓட்டமும் வந்தால் பயன்படுத்தத் தயார் என்பார்கள். வகுத்துப் பாருங்கள், விநாடிக்கு 35 செ.மீ., பெருந்தமனியின் சராசரி வேகம் முன்கைச் சிரையில். மெதுவாகச் சீராகப் போகும் ரத்தம் சத்தமே போடாது. இவ்வளவு வேகத்தில் இணைப்பைத் தாண்டும்போது சுழித்துக் கலங்கி அதிரும். ஃபிஸ்துலா போட்ட கையில் விரலை வைத்தால் கிர்ர் என்று விடாமல் ஓர் அதிர்வு தெரியும், ஸ்டெதஸ்கோப் வைத்தால் உஸ் உஸ் என்று இரைச்சல் கேட்கும். ஓட்டம் அளவுக்கு மீறிப் போனால் அந்தக் குறுக்குவழிக்கும் சேர்த்துத் தள்ள வேண்டிய இதயம் களைத்துப்போகும், அதையும் கண்காணிக்க வேண்டும். நோயாளிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: தினமும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்க வேண்டும், அந்தக் கையில் பிபி பார்க்கவோ டிரிப் ஏற்றவோ யாரையும் விடக்கூடாது, அதிர்வு நின்றிருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும்.